கறள் இறுகிய போல்டைக் கழற்றும் முறை

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்து, கடலை அடையுமிடத்திற் கிளைகளாகப் பிரிகின்றது. அக்கிளைகளுள் ஒன்றே வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், அவ்வாற்றின் கரையில் அமைந்த வெருகற் பகுதி, ஒருபுறம் வயலும் மறுபுறம் கடலும் உடையது. ஆற்றுநீர் நெல்லுக்கு உயிர். இரும்புக்கோ அது பகை. கடற்காற்று உப்பைச் சுமந்து வருகின்றது. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்திற் புகுந்தது. 2006ஆம் ஆண்டில் போரினால் மக்கள் இடம்பெயர்ந்து, மறு ஆண்டிலேயே திரும்பத் தொடங்கினர். அக்காலத்தில் ஆளின்றி நின்ற இயந்திரங்களை மழையும் உப்புக்காற்றும் தின்றன. ஆதலின், இப்பகுதியிற் பழைய உழவு இயந்திரம் ஒன்றையோ பழைய ஜீப் வண்டி ஒன்றையோ திருத்த முற்படுபவர் முதலிற் சந்திக்கும் எதிரி கறளே.

அத்தகைய ஓர் உழவு இயந்திரம் பெரும்போகத்துக்கு ஆயத்தமாகின்றது எனக் கொள்வோம். எஞ்சின் நன்றாகவே இருக்கின்றது. புகைக்குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் வெடிப்பு உண்டு. அதனை மாற்றினாற் போதும். முதல் மழை இறங்கிவிட்டது; அயல் வயல்களில் உழவு தொடங்கிவிட்டது. உரியவர் பொறுமையிழந்து, ஸ்பானரின் நுனியில் மூன்று அடி நீளக் குழாயைச் செருகி முழுப் பலத்தோடும் இழுக்கின்றார். “டக்” என்று ஒரு சத்தம். நட் கழலவில்லை, எஞ்சினிற் பொருத்தப்பட்டிருந்த ஆணியே முறிந்து, பாதி உள்ளே தங்கிவிட்டது. சில ரூபாய் பெறுமதியான நட்டுக்காக, எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி நகரத்துப் பட்டறைக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. அது திரும்பி வருவதற்குள் விதைப்புக்காலம் கடந்துவிடும். அல்லது கூலி இயந்திரத்துக்குப் பணம் தேட வேண்டும். கறள் இறுகிய போல்டைக் கழற்றுவதில் உள்ள இழப்பும் இலாபமும் இத்தகையன.

பழைய இயந்திரத்தைப் பேணுவதன் அவசியம்

இலங்கையின் வயல்களில் மசி பெர்கசன் 35, 135 ஆகிய இனங்களைச் சேர்ந்த உழவு இயந்திரங்கள் இன்றும் உழைக்கின்றன. 35 இனம் இங்கிலாந்திலே 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்தது. 135 இனம் 1960களின் நடுப்பகுதியில் அதன் இடத்தைப் பெற்றது. 1948இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்த லான்ட் றோவர் வண்டிகளும் மொறிஸ் மைனர் கார்களும் நம் நாட்டுத் தெருக்களினின்றும் இன்னும் மறையவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெரும்பாலான வாகனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்தில் அது மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, இருப்பதைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி அநேகருக்கு இருக்கவில்லை. இன்றும் புதிய இயந்திரத்தின் விலை சிறு விவசாயியின் கைக்கு எட்டுவதன்று. பழைய இயந்திரங்களின் பாகங்கள் போல்டும் நட்டும் கொண்டே பிணைக்கப்பட்டிருப்பதால், அவற்றைக் கேடின்றிக் கழற்ற அறிந்தவர் தம் இயந்திரத்தின் ஆயுளைத் தாமே நீட்டிக்கலாம்.

கறள் இறுக்குவது எவ்வாறு?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்திற் கறள் உண்டாகின்றது. உப்பு அத்தாக்கத்தை விரைவுபடுத்துகின்றது. கறளாக மாறிய இரும்பு, மாறுமுன் இருந்ததைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும். போல்டின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையே மயிரிழை அளவான இடைவெளியே உண்டு. அவ்விடைவெளியிற் பிறக்கும் கறள் பருத்து, இரு பாகங்களையும் ஆப்பு அறைந்தாற்போல இறுக்கிவிடுகின்றது. எனவே, இங்கு வெல்ல வேண்டியது புரியின் இறுக்கத்தை மட்டுமன்று, கறளின் பிடிப்பையுமாகும். பலம் புரியைத் திருப்பும்; கறளின் பிடிப்பைத் தளர்த்துவதற்கு எண்ணெய், அதிர்ச்சி, வெப்பம், காலம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுட் காலமே மிக மலிவானது. அவசரப்படுபவருக்கு அதுவே கிடைப்பதில்லை.

முதல் வேலை: துப்புரவும் அளவும்

கம்பித் தூரிகையினாற் போல்டின் வெளியே நீண்டிருக்கும் புரியை நன்றாகத் தேய்த்துச் சேற்றையும் உதிரும் கறளையும் நீக்குதல் வேண்டும். நட் நகரவேண்டிய பாதை அதுவே. அதில் அழுக்கு இருப்பின், கழலத் தொடங்கிய நட்டும் பாதியிற் சிக்கிக்கொள்ளும்.

அடுத்து, ஸ்பானரின் அளவு. பழைய வண்டிகளில் அளவு முறைகள் கலந்திருக்கும். 1841இல் யோசப் விட்வேர்த் என்பார் வகுத்த புரிமுறை பிரித்தானிய இயந்திரங்களில் நெடுங்காலம் நிலவியது. அதன் புரிக்கோணம் 55 பாகை. 1948இல் பிரித்தானியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகள் உடன்பட்டு ஏற்ற பொதுப் புரிமுறையின் கோணம் 60 பாகை. யப்பானிய இயந்திரங்கள் மில்லிமீற்றர் அளவின. ஒன்றுக்குரிய ஸ்பானர் மற்றொன்றுக்குப் பொருந்துவதுபோலத் தோன்றும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதில் 13 மில்லிமீற்றர் ஸ்பானரை மாட்டினால் 0.3 மில்லிமீற்றர் வெளி இருக்கும். தளர்ந்த போல்டில் அது தீங்கு செய்யாது. கறள் இறுகிய போல்டிலோ, அச்சிறு வெளியே தலையின் மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். 11/16 அங்குலம் 17.46 மில்லிமீற்றராதலின் 17 மில்லிமீற்றர் ஸ்பானர் அதில் ஏறாது. 18 மில்லிமீற்றர் ஸ்பானரோ ஆடும். 3/4 அங்குலமும் 19 மில்லிமீற்றருமோ ஏறத்தாழ ஒத்தவை.

வாய் திறந்த ஸ்பானர் தலையின் இரு பக்கங்களை மட்டும் பற்றும். இறுகிய போல்டுக்கு வளைய ஸ்பானரோ சொக்கற்றோ ஏற்றது. அவற்றுள்ளும் பன்னிரண்டு மூலை உடையதைவிட ஆறு மூலை உடையதே நன்று. அதனைத் தலையின் அடிவரை முழுமையாக இறக்கிய பின்னரே இழுத்தல் வேண்டும்.

திருப்பும் திசையையும் உறுதிசெய்து கொள்க. பெரும்பாலான போல்டுகள் இடஞ்சுழியாகத் திருப்பினாற் கழலும். எனினும், சில பழைய லொறிகளின் இடப்பக்கச் சில்லுகளில் எதிர்ப்புரி அமைந்திருக்கும். வெளியே தெரியும் புரியின் சாய்வைப் பார்த்தால் இது விளங்கும். கழற்றுவதாக எண்ணிக்கொண்டு இறுக்கி முறித்தவர் பலர்.

எண்ணெயும் காலமும்

புரியினுள் ஊறிச் செல்லும் மெல்லிய எண்ணெயே இவ்வேலைக்கு உரியது. கடைகளில் இதற்கென விற்கப்படும் ஊடுருவும் எண்ணெய்கள் சிறந்தவை. டபிள்யூடி-40 என்னும் திரவம் பலருக்கும் அறிமுகமானது. 1953இல் அமெரிக்காவிலே ஏவுகணையின் உலோகத்தைக் கறளினின்றும் காக்கும்பொருட்டு ஆக்கப்பட்ட அது, நீரை விலக்கும் திரவம். நாற்பதாவது முயற்சியிற் கைகூடியதால் அவ்வெண்ணைப் பெயரிற் கொண்டது. இலேசான கறளுக்கு அது போதும். நாட்பட்ட இறுக்கத்துக்கு ஊடுருவும் எண்ணெயே நன்று. தானியங்கி கியர்ப்பெட்டி எண்ணெயையும் அசற்றோனையும் சம பங்காகக் கலந்து பயன்படுத்துவோரும் உளர். அவை தாமாகப் பிரிந்துவிடுமாதலின், ஒவ்வொரு முறையும் குலுக்கியே இடல் வேண்டும். அசற்றோன் எளிதிற் தீப்பற்றும். இவை எவையும் கிடையாவிடின், டீசலுடனோ மண்ணெண்ணெயுடனோ சிறிது எஞ்சின் எண்ணெயைக் கலந்து இடலாம். பலிக்க அதிக நாள் செல்லும், அவ்வளவே. தடித்த கிரீசும் சமையல் எண்ணெயும் இதற்கு உதவா. அவை நுண்ணிய இடைவெளியினுள் இலகுவிற் செல்வதில்லை.

ஒரு முறை ஊற்றிவிட்டு உடனே இழுப்பதாற் பயனில்லை. காலையிலும் மாலையிலும் சில துளிகள் இட்டு, ஒவ்வொரு முறையும் சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் தட்டுதல் வேண்டும். மூன்று நாள் செய்தல் நன்று. பல மாரி நனைந்த இயந்திரமாயின் ஒரு வாரமும் செய்யலாம். போல்ட் நிலைக்குத்தாக நின்றால், அதனைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு கட்டி எண்ணெயைத் தேக்கி விடலாம். வயலில் நீர் கட்டத் தெரிந்தவருக்கு இது புதிய வித்தையன்று.

கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களைத் தென்னை வினாகிரியில் ஓரிரவு ஊறவிட்டாற் கறள் கரையும். மறுநாள் தூரிகையால் தேய்த்து, சலவைச் சோடா கரைத்த நீரிற் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுதல் வேண்டும். கழுவாது விட்டால் எஞ்சிய அமிலமே புதுக்கறளை உண்டாக்கும்.

அடிமேல் அடி

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. போல்டின் தலையிற் பித்தளைத் தண்டை வைத்து அதன்மேல் நேராகவும் உறுதியாகவும் பல முறை அடித்தாற் கறளின் பிடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே எண்ணெய் உட்செல்லும். புரியின் நுனியில் நேரடியாக அடித்தல் ஆகாது. புரி நசுங்கினால் நட் வெளிவராது. வெட்டுத்தலைத் திருகாணிகளுக்கு, சுத்தியலால் அடிக்க அடிக்கச் சிறிது சிறிதாகத் திரும்பும் அடிதிருப்பி கிடைக்கின்றது. கதவுப் பிணைச்சல்களை எடுக்க அது பெரிதும் உதவும்.

பின்னர் ஸ்பானரை மாட்டி, முதலில் இறுக்கும் திசையிற் சிறிதளவு அழுத்திப் பார்க்க வேண்டும். அசைவு எத்திசையிற் கிடைப்பினும் பிடிப்பு விட்டது என்பதே பொருள். அதன்பின் கழற்றும் திசையிற் கால்வட்டம், நின்றால் திரும்பவும் உட்பக்கம் அரைக்கால்வட்டம், மீண்டும் எண்ணெய், மீண்டும் கழற்றல். இவ்வாறு முன்னும் பின்னுமாகத் திருப்பினாற் பொடிந்த கறள் வெளியேறும். ஒரே திசையில் வலிந்து திருப்பினால் அப்பொடி புரியில் அடைந்து போல்டை மீளவும் இறுக்கிவிடும்.

எவ்வளவு பலம்?

8 மில்லிமீற்றர் தடிப்பும் 8.8 தரமும் உடைய போல்டைப் பூட்டுவதற்கு ஏறக்குறைய 25 நியூற்றன் மீற்றர் திருப்புவிசையே போதும். 30 சதமமீற்றர் நீள ஸ்பானரின் நுனியை 8 அல்லது 9 கிலோகிராம் எடையளவான விசையோடு இழுத்தாலே அத்திருப்புவிசை கிடைத்துவிடும். மூன்று அடிக் குழாயைச் செருகினால் அதே கை மும்மடங்கு திருப்புவிசையைத் தரும். சிறிய போல்ட் அதனைத் தாங்காது. ஆதலின் நீண்ட குழாய் சில்லு நட் போன்ற பெரியவற்றுக்கே உரியது. சிறிய போல்ட் திரும்பும்போது இறுக்கம் குறையாமல் கையில் மெழுகுபோல இழுபடுவதாகத் தோன்றினால் உடனே நிறுத்துதல் வேண்டும்; அது முறிவதற்கு முன்னறிகுறி.

வெப்பமூட்டல்

எண்ணெய்க்கும் அடிக்கும் அசையாதவற்றை வெப்பம் அசைக்கும். உருக்கு, ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறும்போது தன் அளவில் பத்துலட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மில்லிமீற்றர் நட் 300 பாகை ஏறினால் அதன் துளை நூறில் நான்கு மில்லிமீற்றர் அளவு பெருக்கும். மிகச் சிறிதாயினும் கறளின் பிடிப்பைப் பிளக்க அது போதும். வெப்பம் நட்டுக்கே ஊட்டப்படல் வேண்டும். போல்டும் கூடச் சூடாகி விரிந்தாற் பயன் குறையும். சிறிது ஆறியதும் மெழுகுதிரியைப் புரியின் ஓரத்தில் தொட்டால், மெழுகு உருகி உள்ளே இழுபட்டு மசகாக உதவும். செந்நிறமாகும் வரை சூடேற்றிய போல்ட் தன் உறுதியை இழந்திருக்கும். அதனைத் திரும்பப் பூட்டாது புதியதை இடுக.

இவ்விடத்திற் சில தடைகளை மீறுதல் உயிருக்கே ஆபத்தாகும். இட்ட எண்ணெயை முற்றாகத் துடைத்த பின்னரே தீயை அணுகுதல் வேண்டும். எரிபொருள் தாங்கி, எரிபொருட் குழாய், பிறேக் குழாய், பற்றரி ஆகியவற்றின் அருகே தீ ஆகாது. ரயர் பூட்டியிருக்கும் சில்லிலோ அதன் நட்டிலோ தீச்சுவாலை பிடித்தலும் உருக்கி ஒட்டுதலும் ஒருபோதும் செய்தல் கூடாது. உள்ளிருக்கும் காற்றுச் சூடேறி ரயர் குண்டுபோல வெடிக்கும். குளோரீன் சேர்ந்த பிறேக் துப்புரவுத் திரவம் பட்ட இடத்தைச் சூடாக்கினால் நச்சு வாயு உண்டாகும். நாகப் பூச்சுள்ள போல்டுகளின் புகையையும் சுவாசித்தலாகாது. ஈரச் சாக்கும் ஒரு வாளி மணலும் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். உழவு இயந்திரத்தை உயர்த்தி வேலை செய்கையில், ஜக்கை மாத்திரம் நம்பாது உறுதியான மரக்குற்றிகளை அடியில் வைத்தல் வேண்டும். கண்ணாடி அணியாது சுத்தியல் எடுத்தலாகாது. தெறிக்கும் கறளுக்குக் கண்ணின் அருமை தெரியாது.

அலுமினியமும் உருக்கும்

போர்க்காலத்தின் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் லான்ட் றோவரின் உடற்பகுதி அலுமினியக் கலவையாற் செய்யப்பட்டது. அதனைப் பிணைக்கும் போல்டுகளோ உருக்கு. இவ்விரு உலோகங்களும் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால், மின்கலத்தில் நிகழ்வது போன்ற தாக்கம் நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாக அரிபடும். கடற்கரை ஊர்களில் இது விரைந்து நிகழும். இங்கு அலுமினியமே மென்மையானது. வலிந்து இழுத்தாற் போல்ட் முறியாமல் அலுமினியப் புரி பிய்ந்து வரும். எனவே எண்ணெய்க்கு அதிக நாளும், வெப்பத்துக்குக் கொதிநீர் ஊற்றிய துணி போன்ற மெல்லிய முறையும் கொள்க.

நட்டை இழந்து பாகத்தைக் காத்தல்

மூலை தேய்ந்துவிட்டால், அதே நட்டோடு மல்லுக்கட்டுதல் வீண். உளியாலோ வாளாலோ நட்டின் ஒரு பக்கத்தைப் புரி வரை பிளந்துவிட்டால் அது விரிந்து கழலும். நட் மலிவு, அது பிணைத்த பாகமே அரிது.

போல்ட் முறிந்து உள்ளே தங்கிவிடினும் மனமுடைய வேண்டியதில்லை. சிறு பகுதி வெளியே நின்றால், உருக்கி ஒட்டுநரைக் கொண்டு அதன்மேல் ஒரு நட்டை ஒட்டுவிக்கலாம். ஒட்டும்போது ஊட்டப்படும் வெப்பமே பிடிப்பையும் தளர்த்தும். அதற்கு முன் பற்றரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். முறிவு மேற்பரப்போடு மட்டமாயின், சரி நடுவிற் குறியடித்து, சிறு துளையிலிருந்து படிப்படியாகத் துளைத்தல் வேண்டும். உள்ளே செருகித் திருப்பும் பிரித்தெடுப்பான் மிகக் கடினமான உருக்காற் செய்யப்பட்டது. அது உள்ளே முறிந்தாற் சாதாரண துளைகருவி அதனைத் துளைக்காது. அப்போது முதல் தவறு இரண்டாகிவிடும். கை நடுங்குபவரும் பழக்கமில்லாதவரும் இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டு, தேர்ந்த கைவினைஞரிடம் ஒப்படைத்தலே சிக்கனம்.

திரும்பப் பூட்டுதல்

கழற்றிய போல்டுகளை எடுத்த இடத்தின் ஒழுங்கிலேயே ஒரு பலகையிற் குத்தி வைத்தால் மாறுபாடு நேராது. அரிக்கப்பட்டவற்றைக் கழித்துவிடுக. புதியவை பழையவற்றின் அளவும் தரமும் உடையனவாதல் வேண்டும். மில்லிமீற்றர் போல்டின் தலையில் 8.8, 10.9 போன்ற எண்கள் தரத்தைக் காட்டும். அங்குல அளவுப் போல்டில் மூன்று கோடுகள் 5ஆம் தரத்தையும் ஆறு கோடுகள் 8ஆம் தரத்தையும் குறிக்கும். திசைமாற்றி, பிறேக், சில்லு ஆகியவற்றில் தரங்குறைந்த போல்டைப் பூட்டுதல் பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

பூட்டுமுன் புரிக்குச் சிறிது கிரீஸ் பூசுதல் நன்று. புகைக்குழாயில் வெப்பந் தாங்கும் செப்புக் கிரீஸ் ஏற்றது. மசகிட்ட புரி இலகுவாகத் திரும்புமாதலின், அளவுக்கு மிஞ்சி இறுக்காதிருக்கவும் கவனம் வேண்டும். சில்லு நட்டுகளின் சாய்ந்த அமர்விடத்தில் எண்ணெயோ கிரீசோ படலாகாது. அறுவடை முடிந்து இயந்திரத்தை நிறுத்துமுன், சேற்றை நன்னீராற் கழுவி, உலர்த்தி, வெளியே தெரியும் புரிகளில் எண்ணெய் தடவி, கூரையின் கீழ் விடுதல் வேண்டும்.

ஆவணியிலே தொடங்குக

இவ்வளவும் செய்வதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, நாட்களே வேண்டும். மேலும் பயிற்சி பெற விரும்புவோருக்கு, அநுராதபுரத்திலே விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் உண்டு. வெருகலிற் பெரும்போக விதைப்பு மழையோடு வரும். வயல் காய்ந்து கிடக்கும் ஆவணி மாதத்திலேயே இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்து, கழற்ற வேண்டிய போல்டுகளுக்குச் சுண்ணக் கட்டியாற் குறியிட்டு, காலையும் மாலையும் எண்ணெய் இட்டு வருபவருக்கு, புரட்டாதி பிறக்கும்போது அவை கைக்கு இணங்கும். ஐப்பசி மழையில் குழாயைத் தூக்குபவர் முறிந்த ஆணியோடு நிற்பார். பதறாத காரியம் சிதறாது என்று முன்னோர் சொன்னது இரும்புக்கும் பொருந்தும்.